வினிகரில் ஊறிய லூகர்

டஸ்லர் ஊரில் செத்துப்போகிறவர்கள் விட்டுப்போகும் சொத்து பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: ஒரு மர வீடு, ஒரு பழைய பிக்கப் வண்டி, கார் ஷெட் நிறையக் காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்கள். ஓரன் ஸ்டாகர் மட்டும் கூடுதலாக ஒரு லூகர் பிஸ்டலை விட்டுப்போனார். இரண்டாம் உலகப் போரில், ரைன் நதிக்கரையில் ஒரு ஜெர்மன் அதிகாரி அதைத் தன் கையாலேயே அவரிடம் ஒப்படைத்தாராம். தீவனக் கடையில் சொல்லும்போது அந்த அதிகாரி காப்டனாக இருப்பார். சர்ச் வாசலில் சொல்லும்போது மேஜர். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸுகளிடம் சொன்னபோது ஜெனரலாகியிருந்தார். சண்டை முடிந்து அறுபது வருஷத்துக்குப் பிறகும் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்த ஒரே ஜெர்மன்காரர் அவராகத்தான் இருக்கும்.

ஓரனுக்குப் பேங்கில் நம்பிக்கை கிடையாது, டாக்டரில் கிடையாது, வானிலை அறிக்கையில் சுத்தமாகக் கிடையாது. அவர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: மூன்று மாவட்டப் போர்க்கால பிஸ்டல் சேகரிப்பாளர் சங்கம். சந்தா கட்டியே ஆயுளைக் கழித்தார்; பிஸ்டலை மட்டும் ஒரு நாளும் அங்கே எடுத்துப்போய்க் காட்டியதில்லை. காட்டினால் பொறாமைப்படுவார்கள் என்று காரணம் சொன்னார். வேறு காரணமும் இருந்திருக்கலாம். போனவரைப் பற்றி எதற்கு.

உயிலில் அவர் எழுதியிருந்தது இதுதான். வீடு, தன்னைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகள் வெல்டாவுக்கு. பிஸ்டல், மகன் ராய்ஸுக்கு. ஆனால் பிள்ளைகளுக்குள் வித்தியாசம் பார்த்ததாக ஊர் பேசிவிடக்கூடாது அல்லவா? ஆகவே சங்கம் அந்த பிஸ்டலுக்குப் போடும் மதிப்பு முப்பதாயிரம் டாலருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் வீட்டை விற்று இருவரும் பாதிப்பாதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

வக்கீல் படித்து முடித்ததும் ராய்ஸ் சிரித்த சிரிப்பை அந்த ஆஃபீஸில் காகிதம் அடுக்கும் பெண்மணி இன்றைக்கும் செய்து காட்டுவாள்.

"முப்பதாயிரமா? வெல், அந்தத் துருப்பிடிச்ச சாமானுக்கு முன்னூறு குடுத்தா அதிகம்."

"அப்பா சொல்லியிருக்காரேடா."

"அப்பா ஜெனரலைப் பத்திக்கூடத்தான் சொன்னாரு."

வெல்டாவுக்கு அறுபது வயது. பள்ளிக்கூட கேன்டீனில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவள், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டை விட்டால் அவள் போவதற்கு இருந்த ஒரே இடம் ராய்ஸின் வீட்டுக் கீழ்த்தளம். அதுவும் ராய்ஸின் மனைவி தையல் மெஷினை நகர்த்தினால்தான். நகர்த்த மாட்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது.

சங்கத்தின் மதிப்பீட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை, மாவட்டச் சந்தை மைதானத்தின் ஆட்டுக் கொட்டகையில். வியாழக்கிழமை வெல்டா கீழ்த்தளத்துக்குப் போய், அப்பாவின் ராணுவக் காலுறைக்குள் கிடந்த பிஸ்டலை எடுத்துப் பார்த்தாள். கன்னங்கரேல் என்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, விசை இடுக்குக்குள் ஏதோ பழைய புகையிலைத் தூள்.

இந்த ஸ்டாகர் குடும்பத்துப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்பெட் சுத்தம் செய்ய ஆள் வருகிறான் என்றால், அவன் வருவதற்கு முன்னால் கார்பெட்டை ஒருமுறை சுத்தம் செய்துவைக்கிற வம்சம் அது. பல் டாக்டர் தலைமை தாங்கும் ஒரு சபைக்கு, அதுவும் முன்பின் தெரியாத ஆண்கள் நிறைந்த சபைக்கு, அப்பாவின் பொருளை அந்தக் கோலத்தில் எடுத்துப்போவதா? வெல்டா பிஸ்டலை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்தாள். காபிக் கெட்டிலுக்கு அதுதான் வைத்தியம். காலையில் பாத்திரத் தொட்டி தேய்க்கிற பவுடரைப் போட்டு, இரும்பு நாரால் தேய்தேய் என்று தேய்த்தாள். இடுக்குகளுக்குப் பற்பசையும் பழைய பிரஷ்ஷும். சாயங்காலம் பார்த்தால் பிஸ்டல் புதுக் கரண்டி மாதிரி பளபளத்தது. அவள் முகமே அதில் தெரிந்தது.

முப்பதாயிரம் என்ன, நாற்பதே கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி, கேக் எடுத்துப்போகிற மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு போனாள். கொட்டகை வாசலில் நின்றவர் டப்பாவைப் பார்த்து, "கேக் மேஜை இடது பக்கம், மேடம்," என்றார். திறந்து காட்டியதும் குண்டு இல்லை என்று சோதித்து, யாரும் சுட முடியாதபடி பிஸ்டலுக்குள் பிளாஸ்டிக் பட்டி ஒன்றைக் கோத்து இறுக்கினார். இறுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெல்டா அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே ஆட்டு வாசனையும் வறுத்த வெங்காய வாசனையும் கலந்து வீசின. மேஜை மேஜையாகத் துப்பாக்கி, பூட்ஸ், பதக்கம், மாட்டுக்கறி வற்றல். சங்கத்தின் மேஜை கடைசியில், ஒரு மேடைமேல். பச்சைத் துணி விரித்து மூவர் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒரு பலகை: 'பிஸ்டலை மட்டும் காட்டவும். கதைகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா.'

நடுவில் தலைவர், டாக்டர் டெல்பர்ட் கிரம்லிச், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வெள்ளைக் கையுறை, சட்டைப் பையில் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி. வலப்பக்கம் பிஸ்டல் எண்களைச் சரிபார்க்கும் குழுவின் செயலாளர் ஹார்லன் பூஷ், முன்பு வண்டி ஓட்டப் பரீட்சை வைத்து ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவர். இடப்பக்கம் சங்கத்தின் போதகர், பாஸ்டர் யூஜின். பிஸ்டல் சங்கத்துக்குப் போதகர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சங்கம் என்று இருந்தால் போதகர் இருக்க வேண்டாமா? முயல் வளர்ப்போர் சங்கத்துக்கே இருக்கிறார்.

"எங்க அப்பா ஓரன் ஸ்டாகர். ரைன் நதிக்கரையில ஒரு ஜெனரல்—"

டெல்பர்ட் திரும்பாமலே விரலால் பலகையைக் காட்டினார். "கதை வேண்டாம், மேடம். இந்த நாட்டுல இருக்கிற ஒவ்வொரு லூகரையும் ஒரு ஜெனரல் ஒப்படைச்சிருந்தா, ஜெர்மன் ராணுவத்துல ஜெனரலைத் தவிர வேற ஆளே இருந்திருக்க முடியாது. சாமான் பேசட்டும்."

வெல்டா துண்டை விலக்கினாள்.

சாமான் பேசியது. ஹார்லன் பூஷ் தொப்பியைக் கழற்றினார். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். டெல்பர்ட் எழுந்து, நின்று, மறுபடி உட்கார்ந்தார். அடுத்த மேஜையில் வற்றல் விற்றுக்கொண்டிருந்தவர் விற்பதை நிறுத்தினார்.

"யாரு," என்றார் டெல்பர்ட் மெல்ல, "யாரு செஞ்சது இதை?"

"நான்தான்," என்றாள் வெல்டா பெருமையாக. "வினிகர்ல ஊறப்போட்டு, தொட்டி தேய்க்கிற பவுடர் போட்டேன். ரொம்ப அழுக்கா இருந்துச்சு, டாக்டர்."

"அழுக்கு!" டெல்பர்ட்டின் குரல் உடைந்தது. "மேடம், அது அழுக்கு இல்ல. அது வரலாறு. தொழிற்சாலையில போட்ட கருநீலப் பூச்சுமேல அறுபது வருஷம் படிஞ்ச வரலாறு. நீங்க அதைச் சாக்கடையில ஊத்திட்டீங்க."

"ஜெபிப்போம்," என்றார் பாஸ்டர் யூஜின்.

மூவரும் தலை குனிந்தார்கள். சங்கத்தின் விதிப்படி, பூச்சு போன பிஸ்டலுக்கு ஒரு நிமிட மௌனம் உண்டு. ஓரன் ஸ்டாகர் இறந்தபோது சங்கத்திலிருந்து ஒரு பூங்கொத்துகூட வரவில்லை என்பது வெல்டாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஆனாலும் அவளும் தலை குனிந்தாள். ஜெபம் என்று சொன்ன பிறகு நிமிர்ந்து நிற்பது நன்றாக இராது.

பிறகு பரிசோதனை. டெல்பர்ட் பிஸ்டலின் வாயைப் பல் கண்ணாடியால் பார்த்து, "ம்ஹூம்," என்றார். ஹார்லன் ஒவ்வொரு பாகத்திலும் பொறித்திருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். எல்லாம் ஒத்துப்போயின. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"இதை உங்க அப்பா சுட்டிருக்காரா?" என்று கேட்டார் டெல்பர்ட்.

"தெரியலை. ஆனா அந்த ஜெர்மன்காரர் சுட்டிருப்பாரு. சண்டைதானே."

"அதுதான் பெரிய தப்பு." டெல்பர்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இனிமேல் வருவது பிரசங்கம் என்று ஊருக்கே தெரியும். "புரிஞ்சுக்குங்க. போர்க்கால பிஸ்டல்லயே உசந்தது போருக்கே போகாத பிஸ்டல். பெட்டியை விட்டு வெளிய வந்திருக்கக் கூடாது. சுட்டிருக்கக் கூடாது. யார் கையும் பட்டிருக்கக் கூடாது. ஒரு சிப்பாய் உயிரைக் காப்பாத்திக்க இதை வெளிய எடுத்தான்னு வைங்க, அந்த நிமிஷமே பாதி விலை போச்சு. அவன் கொஞ்சம் பொறுப்பா இருந்திருக்கலாம்."

"செத்துப்போயிருப்பானே, டாக்டர்?"

"ஆனா பூச்சு இருந்திருக்கும்."

பாஸ்டர் ஆமோதித்துத் தலையசைத்தார்.

இந்த நேரம் பார்த்து ராய்ஸ் வந்து சேர்ந்தான். அவனுடைய பிக்கப் வண்டியின் பின்னால் 'விற்பனைக்கு' என்று எழுதிய வீட்டுத் தரகர் பலகை ஒன்று, ஆணி அடிக்கச் சுத்தியலோடு, தயாராகக் கிடந்ததை மைதானத்துக்குள் வந்த எல்லாருமே பார்த்தார்கள். மேஜைமேல் மின்னிய பிஸ்டலைப் பார்த்ததும் ராய்ஸ் அக்காவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். தன் கல்யாணத்தன்று மனைவிக்குக்கூட அப்படிக் கொடுத்ததில்லை.

"வெல்! நீ தங்கம். டாக்டர், என்ன தேறும்?"

"நானூறு," என்றார் ஹார்லன். "காகிதம் பறக்காம மேல வைக்க."

"அதை எழுத்துல குடுத்துருங்க."

சமையலறை ஜன்னல், அதன் கீழே தொட்டி, தொட்டியின் கீழே அந்தப் பவுடர் டப்பா, எல்லாம் ஒருமுறை வெல்டாவின் கண்முன் வந்துபோயின. "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க," என்றாள். "நல்ல எண்ணத்துலதான் தேய்ச்சேன்."

"நல்ல எண்ணத்துலதான் எல்லா பிஸ்டலும் சாகுது," என்றார் டெல்பர்ட்.

எழுதிக் கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வீடும் போயிருக்கும். ஆனால் ஹார்லன் பூஷுக்கு விதி என்றால் விதிதான். முன்பு டஸ்லரில் சிவப்பு விளக்கில் அரை அடி தாண்டியதற்காகச் சொந்த மாமியாரையே ஃபெயிலாக்கினவர்.

"தலைவரே, தீர்ப்பு எழுதறதுக்கு முன்னால சங்கத்தோட மாதிரி பிஸ்டல் பக்கத்துல வெச்சு ஒப்பிடணும். விதி."

"இதுக்கு எதுக்கு, ஹார்லன்? கண்ணு போதும்."

"விதி, தலைவரே."

சங்கத்தின் மாதிரி பிஸ்டல் எது என்றால், டெல்பர்ட்டின் சொந்தப் பெருமையான 'வெள்ளை லூகர்'தான். போரின் கடைசி மாதங்களில், பூச்சு தீர்ந்துபோன ஒரு தொழிற்சாலை, பூச்சே இல்லாமல் வெள்ளையாகச் சில பிஸ்டல்கள் செய்து அனுப்பியது என்பது அவருடைய ஆராய்ச்சி. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைச் சங்கத்தில் எல்லாரும் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவரும் படித்ததில்லை. சங்கத்தின் கொடியில் இருப்பது அந்த பிஸ்டல், காலண்டரில் இருப்பது அது, போதகரின் கழுத்துப்பட்டையில் குட்டியாக இருப்பதும் அதுதான். டெல்பர்ட் அன்போடு தேடிப் பிடித்துக் கொடுத்ததில், சங்கத்தின் பெரிய மனிதர்கள் பலரிடமும் இப்போது ஆளுக்கொரு வெள்ளை லூகர் உண்டு. நல்ல விலைக்குத்தான் கொடுத்தார்.

கண்ணாடிப் பெட்டியின் பூட்டைத் திறந்து, அதை எடுத்து, வெல்டாவின் பிஸ்டலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

கொட்டகையில் ஆடுகள் இல்லாத குறை தெரிந்தது. ஏதாவது ஒன்று சத்தம் போட்டிருக்கலாம்.

இரண்டும் ஒன்றுபோல இருந்தன. ஒரே பளபளப்பு, ஒரே வெண்மை. விசை இடுக்கில் ஒரே மாதிரி வட்டவட்டமான கீறல்கள். பாஸ்டர் யூஜின் இன்னும் கிட்டத்தில் பார்ப்பதற்காக ஒன்றைத் தூக்கினார், மற்றதையும் தூக்கினார், திரும்ப வைத்தார். அதன் பிறகு எது யாருடையது என்று எண்ணைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

"அட," என்றாள் வெல்டா, உள்ளபடியே சந்தோஷப்பட்டு. "உங்க வீட்லயும் அதே பவுடர்தானா, டாக்டர்?"

டெல்பர்ட் கிரம்லிச்சின் முகம் அவர் பிஸ்டலின் நிறத்துக்கு வந்தது. ஹார்லன் பூஷ் வாயைத் திறந்தார். தன் வீட்டு அலமாரியில் இருக்கும் வெள்ளை லூகரும், அதற்குக் கொடுத்த விலையும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். பாஸ்டர் கழுத்துப்பட்டையைத் தடவிக்கொண்டார்.

"செயற்குழு," என்றார் டெல்பர்ட்.

மூவரும் செம்மறி கழுவுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்கள். வெளியே வந்தபோது டெல்பர்ட் கையுறையை மாற்றியிருந்தார்.

"மிஸ் ஸ்டாகர்," என்றார் பரிவாக. "வினிகர்ல ஊறப்போட்டதா *நினைக்கிறீங்க*, இல்லையா?"

"நினைக்கல. ஊறப்போட்டேன். ராத்திரி பூரா."

"நீங்க உலோக நிபுணரா?"

"கேன்டீன்ல இருந்தேன்."

"அப்ப வினிகர் எதைச் செஞ்சது, தொழிற்சாலை எதைச் செஞ்சதுன்னு உங்களால எப்படிச் சொல்ல முடியும்?"

"வியாழக்கிழமை கறுப்பா இருந்துச்சே!"

"கீழ்த்தளத்துல பாத்தீங்க. அங்க பல்பு எப்படி?"

"மங்கல்தான்..."

"மங்கல்," என்று ஹார்லன் மேஜையைத் தட்டினார்.

ராய்ஸ் குறுக்கே புகுந்தான். "என்ன கூத்து இது? சின்ன வயசுலேர்ந்து பாக்கிறேன், டாக்டர். கரி மாதிரி இருக்கும். அப்பா இதை வெச்சுக்கிட்டு ஜெனரல் கதை சொல்லும்போதெல்லாம் கறுப்புதான்!"

டெல்பர்ட் அவனை வருத்தத்தோடு பார்த்தார். பிறகு விரலைத் தூக்கி, பின்னால் இருந்த பலகையைக் காட்டினார்.

"கதைகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா, மிஸ்டர் ஸ்டாகர்."

"இது கதை இல்லய்யா, நான் கண்ணால பாத்தது!"

"கண்ணால பாத்தேன்னு சொல்றதைத்தான் நாங்க கதைன்னு சொல்றோம். அது சங்கத்தோட அஸ்திவாரம். உங்க அக்கா சொல்ற வினிகர் கதையும் அப்படித்தான். அவங்க மனசுல கள்ளம் இல்ல. ஆனா சாமான் வேற சொல்லுது."

வெல்டா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்; கேன்டீனில் மிச்சமான கோழியை மிச்சமான கோழி என்று சொல்லியே பரிமாறியவள். "டாக்டர், இரும்பு நாரு என் விரல்ல கிழிச்ச காயம்கூட இருக்கு, பாருங்க," என்று கையை நீட்டினாள்.

பாஸ்டர் யூஜின் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "மகளே, அந்தத் தொழிற்சாலையில முகம் தெரியாத யாரோ ஒரு தொழிலாளி செஞ்ச வேலையை நான் செஞ்சேன்னு நீ சொல்லிக்கலாமா? அது தற்பெருமை. தற்பெருமை பாவம்."

"பதிவுக்காக ஒரு தடவை கேக்கிறோம்," என்றார் ஹார்லன். "சங்கத்துக்கிட்ட வேற ஏதாவது சொல்லணுமா, மேடம்?"

வெல்டா வாயைத் திறந்தாள். கொட்டகையின் திறந்த கதவு வழியாக ராய்ஸின் பிக்கப் தெரிந்தது; அதில் பலகையும், பலகைமேல் சுத்தியலும். சொல்ல வேண்டியதை மூன்று தடவை சொல்லியாயிற்று. நாலாவது தடவை சொன்னால் பாவம் என்று போதகரே சொல்கிறார். அவளும் சர்ச்சுக்குப் போகிறவள்தானே.

"இல்லை," என்றாள்.

மதிப்பு முப்பத்தையாயிரம் டாலர். டெல்பர்ட்டின் பிஸ்டலை விடக் கொஞ்சம் குறைவு. காரணம், 'வெண்மை சற்றே கூடுதல்' என்று சான்றிதழில் எழுதினார்கள். முத்திரை குத்தினார்கள். வெல்டாவின் பிஸ்டல் 'டஸ்லர் வகை' என்று தனிப் பெயரும் பெற்றது. பாஸ்டர் நன்றி ஜெபம் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெள்ளை லூகர் வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தட்டினார்கள். வெல்டா நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்டலைச் சுற்றிக்கொண்டு வந்த துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

ராய்ஸ் லேசுப்பட்டவன் இல்லை. மோட்டார் படகு விற்கிறவன். வீடு போனது போனதுதான், முப்பத்தையாயிரம் கையில் இருக்கிறதே என்று சீக்கிரமே தேறிக்கொண்டான். பிஸ்டலையும் சான்றிதழையும் இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டு ஹார்லனிடம் போனான்.

"முப்பத்தையாயிரம்தானே போட்டீங்க? முப்பதுக்கு எடுத்துக்குங்க."

"அருமையான பீஸ்," என்றார் ஹார்லன். "என்கிட்ட ஒண்ணு இருக்கே."

பாஸ்டரிடம் போனான். "நான் சமாதானத்தைப் போதிக்கிறவன், மகனே." வற்றல்காரரிடம் போனான். அவர் பிஸ்டலைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாழ்த்துகள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மேஜை மேஜையாக இதுதான் நடந்தது. எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்; எல்லாரும் கை குலுக்கினார்கள். இருபதாயிரம் என்றான், பத்து என்றான், கடைசி மேஜையில் ஐந்து என்றபோது அங்கிருந்தவர் மனம் புண்பட்டு, "இவ்வளவு உசந்த பொருளை இப்படிக் கேவலப்படுத்தாதே, தம்பி," என்று கடிந்துகொண்டார்.

ராய்ஸ் மேடைக்குத் திரும்பி வந்தான். டெல்பர்ட் தன் வெள்ளை லூகரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாகச் சாவியைத் திருப்பினார்.

"ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான், டாக்டர்!"

"வாங்கறது சந்தை சமாச்சாரம். நாங்க மதிப்புதான் போடுவோம்."

"அப்ப நீங்க வாங்கிக்குங்க."

"நானா? தீர்ப்புச் சொன்னவனே வாங்கினா நாணயம் என்னாகும்? சங்கத்தோட பேரு என்னாகும்?"

"சரி, அப்ப மறுபடி மதிப்புப் போடுங்க. நானூறே எழுதுங்க. அதுக்கு வாங்கறவன் இருப்பான்."

டெல்பர்ட் விதிப் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை, மனப்பாடமாகவே சொன்னார். "ஒருத்தரோட பிஸ்டலுக்கு ஒரு தடவைதான் மதிப்பீடு. மறுமதிப்பீடு வேணும்னா உரிமையாளர் காலமான பிறகு வாரிசுங்க விண்ணப்பிக்கலாம். அவசரமில்ல. உங்களுக்கு வசதிப்பட்டப்ப அனுப்புங்க."

ராய்ஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தால் இப்படித்தான் பார்ப்பான். வெல்டா எழுந்து, கேக் டப்பாவின் மூடியைத் திறந்து நீட்டினாள். அவன் பிஸ்டலை அதற்குள் வைத்தான். சான்றிதழை மடிக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாடா," என்றாள் வெல்டா. "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. வீட்ல நூடுல்ஸ் கேஸரோல் இருக்கு, சூடு பண்ணித் தரேன்."

"எந்த வீட்ல?" என்றான் ராய்ஸ், எரிச்சலோடு.

"என் வீட்லதான்," என்றாள் வெல்டா.